கொப்புளமே இல்லாத உதட்டிலிருந்து ஹெர்பிஸ் எப்படித் தொற்றியது?

கேள்வி: எனக்கு வயது 27. திருமணமாகி ஐந்து மாதங்கள் ஆகின்றன. மூன்று வாரங்களுக்கு முன் திடீரென்று காய்ச்சல் வந்து, ஈறெல்லாம் வீங்கிச் சிவந்து, உதட்டிலும் நாக்கிலும் மேலண்ணத்திலும் சிறு சிறு கொப்புளங்கள் கிளம்பின. தாடைக்குக் கீழே நெறி கட்டியது. தண்ணீர்கூட விழுங்க முடியவில்லை. நான்காம் நாள் தோல் மருத்துவரிடம் போனேன். ஹெர்பிஸ் என்று சொல்லி மாத்திரை கொடுத்தார். அன்று எடுத்த இரத்தப் பரிசோதனையில் எனக்கு ‘ஹெச்எஸ்வி 1 ஐஜிஜி’ நெகட்டிவ் என்று வந்தது. பிறகு பரிசோதித்துக்கொண்ட என் கணவருக்கோ பாசிட்டிவ். ஆனால் அவர் உதட்டில் ஒரு புண்ணைக்கூட நான் பார்த்ததில்லை. தனக்கு வந்ததே இல்லை என்று அவரும் சத்தியம் செய்கிறார். கைப்பேசியில் தேடினால் இது பாலியல் நோய் என்று வருகிறது. நான் போன மருத்துவமனையின் பலகையில் ‘பால்வினை நோய்’ என்று எழுதியிருந்ததைப் பார்த்த உறவினர் ஒருவர் அதை வீட்டில் சொல்லிவிட்டார். புண்ணே இல்லாத ஒருவரிடமிருந்து இது எப்படி வரும்? அவர் எதையாவது மறைக்கிறாரா? என் அக்காவுக்குக் குழந்தை பிறந்து இருபது நாள் ஆகிறது. உதட்டு ஓரத்தில் இன்னும் ஒரு பொருக்கு இருப்பதால், அந்தக் குழந்தையைத் தூக்கலாமா என்பதும் தெரியவில்லை. பெயரை வெளியிட வேண்டாம்.

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். நோயைப் பற்றிய கேள்வியைவிட, உங்கள் இருவருக்கும் நடுவில் வந்து உட்கார்ந்துவிட்ட சந்தேகம்தான் அதில் பெரிதாகத் தெரிகிறது. எனவே விடையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உங்கள் கணவரின் வாயிலோ உதட்டிலோ எந்தப் புண்ணும் இல்லாத ஒரு நாளில், அவருக்கே தெரியாமல், அவருடைய எச்சில் வழியாக இந்தக் கிருமி உங்களுக்கு வந்திருக்க மிகுந்த வாய்ப்பு இருக்கிறது. அப்படி வந்திருப்பதால் அவர் உங்களிடம் எதையோ மறைத்தார் என்றோ, வேறு ஒருவரோடு நெருங்கிப் பழகினார் என்றோ பொருள் கொள்ள மருத்துவத்தில் எந்த இடமும் இல்லை. ஏன் என்பதைத்தான் இனி விளக்கப் போகிறேன். முடிந்தால் இதை அவரோடு சேர்ந்து உட்கார்ந்து படியுங்கள்.

அந்தப் பலகையைப் பற்றி ஒரு வார்த்தை. நம் நாட்டில் தோல் நோய், பால்வினை நோய், தொழுநோய் ஆகிய மூன்றும் ஒரே மேற்படிப்பாகக் கற்பிக்கப்படுகின்றன. ஆகவே முகப்பருவுக்கும் பொடுகுக்கும் படர்தாமரைக்கும் மருத்துவம் பார்க்கும் எங்கள் எல்லோருடைய பலகையிலும் அந்தச் சொல் இருக்கும். பத்து வயதுப் பையனின் தேமலைக் காட்ட வரும் தாயும் அதே பலகைக்குக் கீழேதான் நுழைகிறார். உங்கள் உறவினர் அந்தப் பலகையிலிருந்து தெரிந்துகொண்டது, நீங்கள் ஒரு தோல் மருத்துவரைப் பார்த்தீர்கள் என்பது மட்டுமே.

ஹெர்பிஸ் சிம்ப்ளெக்ஸ் கிருமியில் (உங்கள் அறிக்கையில் ‘ஹெச்எஸ்வி’ என்று இருப்பது இதுதான்) இரண்டு வகைகள் உண்டு. முதல் வகை பெரும்பாலும் வாயையும் உதட்டையும் சார்ந்தது. இரண்டாம் வகை பெரும்பாலும் பிறப்புறுப்பைச் சார்ந்தது. கைப்பேசியில் ‘ஹெர்பிஸ்’ என்று மட்டும் தட்டினால் இரண்டாம் வகையைப் பற்றிய எச்சரிக்கைகள்தான் முதலில் வந்து நிற்கும். உங்களுக்கு வந்திருப்பது முதல் வகையின் தொற்றாகவே தெரிகிறது. உலக சுகாதார நிறுவனம் 2020ஆம் ஆண்டுக்குச் செய்த மதிப்பீட்டின்படி, உலகில் 50 வயதுக்கு உட்பட்டவர்களில் 64 சதவீதம் பேருக்கு, அதாவது சுமார் 380 கோடிப் பேருக்கு, இந்த முதல் வகைக் கிருமி உடலில் இருக்கிறது. இவர்களில் மிகப் பலருக்கு அது வந்து சேர்ந்தது குழந்தைப் பருவத்தில்தான். கன்னத்தைக் கிள்ளி வாயில் முத்தமிட்ட பாட்டியிடமிருந்தோ, தன் வாயில் வைத்து ஆற்றிய சோற்றை ஊட்டிய அத்தையிடமிருந்தோ, ஒரே மிட்டாயை மாற்றி மாற்றிச் சுவைத்த விளையாட்டுத் தோழனிடமிருந்தோ வந்திருக்கும். வாய்வழி உறவின்போது இதே முதல் வகைக் கிருமி பிறப்புறுப்புக்கும் தொற்றலாம் என்பது உண்மை. அதையும் பின்னால் சொல்கிறேன். ஆனால் வாயில் இருக்கும் ஹெர்பிஸைப் பார்த்தவுடன் அதைப் பாலியல் நோய் என்று அழைப்பது பொருந்தாது.

இனி உங்கள் முதன்மையான கேள்விக்கு வருகிறேன். இந்தக் கிருமி முதன்முறை உடலுக்குள் நுழையும்போது வாயின் உட்தோலிலோ உதட்டின் மெல்லிய தோலிலோ பெருகுகிறது. அங்கிருந்து, அந்தத் தோலுக்கு உணர்ச்சியைத் தரும் நரம்பின் நுனிக்குள் புகுந்து, நரம்பிழை வழியே உள்நோக்கிப் பயணம் செய்து, கபாலத்தின் அடித்தளத்தில் இருக்கும் முக்கிளை நரம்பின் முடிச்சை அடைந்து அங்கேயே தங்கிவிடுகிறது. பல்வலியின்போது தாடையிலிருந்து நெற்றிப்பொட்டு வரை தெறிக்கிறதே, அந்த வலியைச் சுமந்து செல்லும் நரம்பின் முடிச்சுதான் அது. முடிச்சுக்குள் இருக்கும் வரை கிருமி பெருகுவதில்லை, யாருக்கும் தொற்றுவதுமில்லை. நாம் கொடுக்கும் மருந்தும் அங்கே உறங்கும் கிருமியை அழிப்பதில்லை. ஆனால் அவ்வப்போது அது விழித்துக்கொண்டு, போன வழியே திரும்பி உதட்டுக்கோ வாய்க்குள்ளோ வருகிறது.

அப்படித் திரும்பி வரும்போதெல்லாம் கொப்புளம் தோன்றுவதில்லை என்பதுதான் பலருக்கும் தெரியாத செய்தி. கொப்புளம் என்பது, கிருமி ஏராளமான தோல் செல்களை அழித்து, அந்த இடத்தில் நீர் கோத்து, உடலின் எதிர்ப்பு அணுக்கள் திரண்டு வந்து வீக்கத்தை உண்டாக்கிய பிறகே நம் கண்ணுக்குத் தெரியும் விளைவு. அந்த அளவுக்குப் போவதற்கு முன்பே, தோலில் காவல் இருக்கும் எதிர்ப்பு அணுக்கள் சில மணி நேரத்திலோ ஓரிரு நாட்களிலோ அதை அடக்கிவிட்டால், ஊசிமுனை அளவே உள்ள ஓர் இடத்தில் மட்டும் கிருமி வெளிப்பட்டு, எச்சிலில் கலந்து, அத்துடன் நின்றுவிடும். அரிப்பு இருக்காது, எரிச்சல் இருக்காது, கண்ணாடி முன் நின்று உதட்டைப் பிதுக்கிப் பார்த்தாலும் ஒன்றும் தெரியாது. மருத்துவத்தில் இதை அறிகுறியற்ற கிருமி உதிர்வு என்கிறோம்.

இது வெறும் ஊகமன்று. புண் எதுவும் இல்லாதவர்களின் வாயிலிருந்து நாள்தோறும் பஞ்சுக் குச்சியால் மாதிரி எடுத்து, பிசிஆர் முறையில் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். முதல் வகைக் கிருமியைக் கொண்டவர்களில் பெரும்பாலோர், உடலில் எந்த மாற்றத்தையும் உணராமலே, மாதத்தில் ஒரு நாளாவது அதை எச்சிலில் வெளியிடுகிறார்கள் என்பது அந்த ஆய்வுகளிலிருந்து தெரியவருகிறது. பிசிஆர் சோதனை கிருமியின் மரபுப்பொருளைத்தான் காட்டும். அது காணப்பட்ட ஒவ்வொரு நாளும் அடுத்தவருக்குத் தொற்றியே தீரும் என்று சொல்ல முடியாது. கொப்புளம் உடைந்து நீர் கசியும் நாட்களில் வெளிப்படும் கிருமியின் அளவு, புண் இல்லாத நாட்களில் வெளிப்படுவதைவிடப் பன்மடங்கு அதிகம் என்பதும் மெய்.

அப்படியானால் புண் உள்ள நாட்களில்தானே அதிகம் பரவ வேண்டும் என்று உங்களுக்குத் தோன்றலாம். கொஞ்சம் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒருவருக்கு ஆண்டுக்கு இரண்டு முறை உதட்டில் கொப்புளம் வந்து, ஒவ்வொரு முறையும் பத்து நாளில் ஆறுகிறது என்று வைத்துக்கொள்வோம். அந்த இருபது நாட்களிலும் வலியும் கூச்சமும் அவரைத் தாமாகவே ஒதுங்கி இருக்க வைக்கும். உதட்டில் பொருக்கோடு யாரும் முத்தமிடப் போவதில்லை. மீதி 345 நாட்களில் எந்தத் தயக்கமும் இருக்காது. அந்த நாட்களில் ஒரு சிலவற்றில் மட்டும் எச்சிலில் கிருமி இருந்தால்கூட, அது எந்த நாள் என்று அவருக்கும் தெரியாது, துணைக்கும் தெரியாது. ஒரே ஒரு முத்தத்தில் தொற்றும் வாய்ப்பு குறைவுதான். ஆனால் புதிதாகத் திருமணமானவர்களின் ஐந்து மாதங்கள் என்பது ஒரு முத்தத்தின் கணக்கல்லவே. தொற்றியதிலிருந்து அறிகுறி தோன்றப் பொதுவாக 2 முதல் 12 நாட்கள் ஆகும். ஆகவே உங்களுக்குக் காய்ச்சல் வருவதற்கு முந்திய அந்த இரு வாரங்களுக்குள் ஏதோ ஒரு நாளில், எந்த அடையாளமும் இல்லாமல், இது நடந்து முடிந்திருக்கிறது.

‘எனக்கு வந்ததே இல்லை’ என்று உங்கள் கணவர் சொல்வதை நான் நம்புகிறேன். இந்தக் கிருமி உடலில் உள்ளவர்களில் பெரும்பாலோருக்கு வாழ்நாள் முழுவதும் ஒரு கொப்புளம்கூட வருவதில்லை. வந்தவர்களிலும் பலர் அதை ஹெர்பிஸ் என்று அறிந்திருப்பதில்லை. நம் ஊரில் அதற்கு எத்தனை பெயர்கள்! சூட்டுக் கொப்புளம் என்பார்கள், காய்ச்சல் புண் என்பார்கள், பல்லி எச்சம் பட்டுவிட்டது என்பார்கள். அக்கி என்று சொல்லி, குயவர் வீட்டுக்குப் போய்க் காவி மண்ணைக் குழைத்து எழுதிக்கொண்டு வருவோரும் உண்டு. ஆனால் அக்கி என்று நாம் சொல்வதில் பெரும்பகுதி, சின்னம்மைக் கிருமியால் வரும் வேறொரு நோய். இத்தனை பெயர்களுக்கு நடுவில், ‘உங்களுக்கு ஹெர்பிஸ் வந்திருக்கிறதா’ என்று கேட்டால் யாரும் இல்லை என்றுதான் சொல்வார்கள். சொல்பவர் பொய் சொல்லவில்லை.

சில ஆண்டுகளுக்கு முன் என்னிடம் வந்த ஓர் இளம் தம்பதியின் நிலையும் உங்களுடையதைப் போன்றதுதான். மனைவி நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தார். கணவர் ஒரே வாக்கியத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார்: தன் உதட்டில் ஒருபோதும் புண் வந்ததில்லை. கூட வந்து கதவோரமாக நின்றிருந்த அவருடைய அம்மா, அதுவரை வாயைத் திறக்காதவர், மெதுவாகச் சொன்னார்: “ஏண்டா, மூணு வயசுல வாயெல்லாம் வெந்து போயி, ஒரு வாரம் எச்சில் ஒழுகிக்கிட்டுக் கெடந்தியே. நுங்குத் தண்ணியும் மோரும் கரண்டி கரண்டியா ஊத்தித்தானே உன்னை எழுப்பி உட்கார வச்சேன்.” விளக்கைக் கிட்டே கொண்டுவந்து அவருடைய மேலுதட்டைப் பார்த்தேன். உதட்டின் சிவப்பும் முகத்தின் தோலும் சேரும் கோட்டில், வலப்பக்கமாக, மிளகளவில் ஒரு வெளிறிய தழும்பு இருந்தது. அது பிளஸ் டூ பரீட்சை சமயத்தில் வந்த சூட்டுக் கொப்புளம் என்றும், அம்மா வெண்ணெய் தடவியதும் போய்விட்டது என்றும் அவர் யோசித்து யோசித்துச் சொன்னார். அந்த அம்மாவின் ஒரு நினைவு, நான் அதுவரை அரை மணி நேரம் விளக்கியதைவிட அதிகமாக அந்தப் பெண்ணின் முகத்தை மாற்றியது. முடிந்தால் நீங்களும் உங்கள் மாமியாரிடம் பக்குவமாகக் கேட்டுப் பாருங்கள். அவருக்கு நினைவில்லை என்றாலும் கவலைப்பட வேண்டாம். சிறு குழந்தைகளுக்குப் பெரும்பாலும் இது ஒரு நாள் சிணுங்கலாகவோ, எந்த அறிகுறியும் இல்லாமலோ வந்து போய்விடும்.

வளர்ந்த பிறகு முதன்முறையாக வரும்போது மட்டும் அது சில வேளைகளில் கடுமையாக வெளிப்படும். காய்ச்சல், ஈறு வீக்கம், வாய் முழுவதும் கொப்புளம், நெறி கட்டுதல் என்று நீங்கள் எழுதியவை எல்லாம் அப்படிப்பட்ட முதல் தொற்றுக்கே உரியவை. நீங்கள் சிறுவயதில் இந்தக் கிருமியைச் சந்திக்காமல் தப்பியிருக்கிறீர்கள். அதனால்தான் இப்போது உடல் இவ்வளவு பாடுபட்டது.

உங்கள் இருவருடைய அறிக்கைகளும் இதற்கே பொருந்தி வருகின்றன. ஆனால் அவற்றை வீட்டில் தலைகீழாகப் படித்துவிட்டார்கள் என்று நினைக்கிறேன். ஐஜிஜி என்பது கிருமியை அடையாளம் கண்ட பிறகு உடல் உருவாக்கும் எதிர்ப்புப் பொருள். அது சோதனையில் தெரியும் அளவுக்கு உருவாகச் சில வாரங்கள் ஆகும். சிலருக்கு மூன்று, நான்கு மாதங்கள்கூட ஆகலாம். உங்கள் இரத்தம் எடுக்கப்பட்டது நோயின் நான்காம் நாளில். எனவே உங்கள் நெகட்டிவ் அறிக்கைக்கு, உங்களுக்குத் தொற்று இல்லை என்று பொருளன்று. தொற்று புதியது என்றே பொருள். நான்கு மாதம் கழித்து மீண்டும் பார்த்தால் அது பாசிட்டிவாக மாறியிருக்கக்கூடும். உங்கள் கணவரின் பாசிட்டிவ் அறிக்கையோ, அவருக்கு இந்தக் கிருமி ஏற்கெனவே இருந்து வந்திருப்பதைக் காட்டுகிறது. மூன்று வயதில் வந்ததா, பதின்மூன்றில் வந்ததா, முப்பதில் வந்ததா என்பதை அது சொல்லாது. யாரிடமிருந்து வந்தது என்பதையும், உடலின் எந்தப் பகுதியில் தங்கியிருக்கிறது என்பதையும் அது சொல்லாது. அந்த அறிக்கை அவரைக் குற்றவாளி ஆக்காது என்பதைப் போலவே, அவருடைய கடந்த காலத்துக்கு நற்சான்றும் வழங்காது. அந்தக் கேள்விக்கு விடை தரும் ஆற்றலே அதற்குக் கிடையாது. ஆனால் இந்தக் கிருமி எத்தனை கோடிப் பேரிடம், எந்த வயதில் வந்து சேர்கிறது என்பதை அறிந்த மருத்துவர் யாரும், அவருக்கு இது சிறுவயதில் வந்திருக்கும் என்றே முதலில் நினைப்பார்.

அறிக்கைகளை எடுத்து ஒருமுறை பாருங்கள். சில ஆய்வகங்கள் முதல் வகையையும் இரண்டாம் வகையையும் சேர்த்து ஒரே விடையாகக் கொடுத்துவிடுகின்றன. உங்களுடையதில் ‘1’ என்று தனியாகக் குறிப்பிட்டிருப்பது நல்லது. ஐஜிஎம் என்று இன்னொரு சோதனையைச் செய்துகொண்டால் எப்போது தொற்றியது என்று தெரிந்துவிடும் என யாராவது ஆலோசனை சொன்னால் ஏற்க வேண்டாம். பழைய தொற்று மீண்டும் விழிக்கும்போதும் அது பாசிட்டிவாக வரலாம்; அதனால் தொற்றின் தேதியை அதிலிருந்து கணிக்க முடியாது. தெளிவான விடை தரக்கூடியது, கொப்புளம் கிளம்பிய முதல் ஓரிரு நாட்களில் அதிலிருந்தே மாதிரி எடுத்துச் செய்யும் பிசிஆர் சோதனை. அந்த நேரம் உங்களுக்குக் கடந்துவிட்டது. இனி ஒருமுறை வந்தால் உங்கள் மருத்துவரிடம் அதைக் கேளுங்கள். நலமாக இருப்பவர்கள் ஐயத்தின் பேரில் இந்த இரத்தப் பரிசோதனையைச் செய்துகொள்வதை நான் எப்போதும் ஊக்குவிப்பதில்லை. அது தீர்த்து வைக்கும் குழப்பத்தைவிட உண்டாக்கும் குழப்பமே அதிகம் என்பதற்கு உங்கள் கடிதமே சான்று.

இனி நீங்கள் இருவரும் எப்படி நடந்துகொள்வது? புண்கள் முழுவதும் ஆறி, அந்த ஒற்றைப் பொருக்கும் உதிர்ந்து, தோல் பழைய நிலைக்கு வரும் வரை முத்தமும் வாய்வழி உறவும் வேண்டாம். இந்த நாட்களில் புண்ணைத் தொட்ட கையால் கண்ணைத் தேய்க்காதீர்கள். இதே கிருமி கருவிழியில் இறங்கினால் பார்வையையே பாதிக்கும். காண்டாக்ட் லென்ஸ் அணிபவரானால் இப்போது கண்ணாடிக்கு மாறிக்கொள்ளுங்கள். கண் சிவந்து, வெளிச்சத்தைப் பார்க்கக் கூசினால், மருந்துக் கடையில் சொட்டு மருந்து வாங்கி விட்டுக்கொள்ளாமல் அன்றே கண் மருத்துவரிடம் போய்விடுங்கள். புண் ஆறிய பிறகு உங்கள் இருவருக்கும் இடையில் இந்த நோயின் பெயரால் எந்தத் தடுப்பும் தேவையில்லை. இருவரிடமும் இருப்பது ஒரே கிருமி. அவருடைய உடலில் எதிர்ப்புப் பொருள் ஏற்கெனவே இருக்கிறது, உங்கள் உடலும் அதை உருவாக்கிக்கொண்டிருக்கிறது. அது முழுமையாக உருவாகும் வரை, அடுத்த சில மாதங்களுக்கு மட்டும், வாய்வழி உறவைத் தள்ளிப் போடுவது உங்களுக்குக் கூடுதல் பாதுகாப்பு. டம்ளரையும் தட்டையும் தனியாக ஒதுக்கி வைக்க வேண்டாம். உலர்ந்துபோனால் வலுவிழக்கும் கிருமி இது. கழுவி வைத்த பாத்திரத்தால் பரவுவதில்லை. வீட்டில் உங்களுக்கென்று தனித் தட்டு வைத்தார்கள் என்றால், அதற்கு மருத்துவக் காரணம் எதுவும் இல்லை என்று நான் எழுதியிருப்பதைக் காட்டுங்கள்.

இதைப் படிக்கும் வேறு சிலருக்கு, துணைவரில் ஒருவருக்கு மட்டும் கிருமி இருப்பது தெரிந்திருக்கலாம். அவர்களுக்குச் சொல்வது இது: கண்ணுக்குத் தெரியாத பரவலை முழுவதுமாகத் தடுக்கும் வழி கிடையாது, குறைக்கும் வழி உண்டு. கொப்புளம் வருவதற்கு முந்திய நாளே பலருக்கு உதட்டின் ஓர் இடத்தில் சுருசுருவென்று குத்தலோ நமைச்சலோ தோன்றும். அந்தக் கணத்திலிருந்து தோல் முழுவதும் ஆறும் வரை முத்தத்தையும் வாய்வழி உறவையும் நிறுத்திவிட வேண்டும். மற்ற நாட்களில் வாய்வழி உறவின்போது ஆணுறை போன்ற தடுப்பைப் பயன்படுத்தினால் பிறப்புறுப்புக்குத் தொற்றும் வாய்ப்பு குறையும். தினமும் மாத்திரை சாப்பிட்டால் துணைக்குப் பரவாதா என்று கேட்பவர்கள் உண்டு. 2004இல் வெளியான ஓர் ஆய்வில், இரண்டாம் வகைக் கிருமி உள்ளவர்கள் தினமும் 500 மில்லிகிராம் வேலசைக்ளோவிர் எடுத்துக்கொண்டபோது, துணைக்குத் தொற்றுவது 48 சதவீதம் குறைந்தது. அது பிறப்புறுப்பு ஹெர்பிஸைப் பற்றிய முடிவு; அதை அப்படியே வாய்க்குப் பொருத்திக்கொண்டு ஆண்டு முழுவதும் மாத்திரை சாப்பிடுவது சரியன்று.

உங்களுக்குக் கொடுக்கப்பட்ட மாத்திரை அசைக்ளோவிர் அல்லது அந்த வகையைச் சேர்ந்ததாக இருக்கும். அதை உருவாக்கிய பணியில் முன்னின்ற கெர்ட்ரூட் எலியனுக்கு 1988இல் மருத்துவத்துக்கான நோபல் பரிசு பகிர்ந்தளிக்கப்பட்டது. கிருமி பெருகுவதை அது தடுக்கும். நரம்பு முடிச்சில் உறங்குவதை அகற்றாது. எனவே இது மீண்டும் வரலாம். ஆனால் முதல்முறை வந்த இந்தப் பாடு இனி இருக்காது. வந்தால் உதட்டு ஓரத்தில் ஒரு கொத்துக் கொப்புளம், ஏழெட்டு நாள், அவ்வளவுதான். பலருக்கு ஆண்டுகள் செல்லச் செல்ல அதுவும் அரிதாகிவிடும். காய்ச்சல், தூக்கமின்மை, மாதவிடாய், மன உளைச்சல், பல் சிகிச்சை, கடும் வெயில் ஆகியவை அதை எழுப்பக்கூடியவை. சித்திரை வெயிலில் வெளியே போகும்போது உதட்டுக்கும் வெயில் தடுப்புக் களிம்பைப் பூசிக்கொள்வது நல்ல பழக்கம். சுருசுருப்பு தொடங்கிய சில மணி நேரத்துக்குள் மாத்திரையைத் தொடங்கினால்தான் அதன் பயன் கிடைக்கும். ஆகவே உங்கள் மருத்துவரிடம் முன்கூட்டியே சீட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

மருந்துக் கடையில் ‘உதட்டுப் புண்ணுக்கு ஒரு க்ரீம் கொடுங்கள்’ என்று கேட்டு வாங்கிப் பூசுவதை மட்டும் தயவுசெய்து செய்யாதீர்கள். அப்படிக் கிடைக்கும் கலவைக் களிம்புகளில் பெரும்பாலும் ஸ்டீராய்டு இருக்கிறது. அது சிவப்பைக் குறைத்து, ஆறுவதைப் போல் காட்டி, உள்ளுக்குள் கிருமியைப் பெருக விடும். உதட்டிலிருந்து கன்னம் வரை புண் பரவிய பிறகு கையில் அந்த ட்யூப்போடு வருபவர்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வேதனையாக இருக்கிறது. கன்னத்தின் உட்புறத்திலும் நாக்கின் ஓரத்திலும் குழியாக, வெள்ளையாக, அடிக்கடி வந்து போகும் சாதாரண வாய்ப்புண் வேறு. அது ஹெர்பிஸ் அன்று, யாருக்கும் தொற்றாது. கடைவாய் ஓரம் வெடித்துப் புண்ணாவதும் வேறு. எல்லாவற்றையும் நாம் வாய்ப்புண் என்ற ஒரே பெயரால் சொல்வதால்தான் மருந்தும் மாறிப்போகிறது.

நாளை நீங்கள் கருவுற்றால் இந்த வாய் ஹெர்பிஸால் வயிற்றில் வளரும் குழந்தைக்குத் தீங்கு வராது. கவனிக்க வேண்டியது, கர்ப்பத்தின் கடைசி மூன்று மாதங்களில் பிறப்புறுப்பில் முதன்முறையாக ஹெர்பிஸ் தொற்றுவதைத்தான். முதல் பரிசோதனைக்குப் போகும்போதே உங்களுக்கும் கணவருக்கும் இந்த வரலாறு இருப்பதை மகப்பேறு மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். மற்றவற்றை அவர் பார்த்துக்கொள்வார்.

உங்கள் அக்காவின் குழந்தையைப் பற்றிக் கேட்டீர்களே, இந்தக் கடிதத்தில் எனக்கு உண்மையில் பதற்றம் தந்த வரி அது ஒன்றுதான். பெரியவர்களுக்கு ஒரு வாரத் தொல்லையாக முடியும் இந்தத் தொற்று, பிறந்து முதல் சில வாரங்களுக்குள் இருக்கும் சிசுவுக்கு மூளையையும் கல்லீரலையும் தாக்கி உயிருக்கே ஆபத்தாகலாம். அரிதுதான், ஆனால் வந்தால் மிகக் கொடியது. நான் மேலே சொன்ன காரணத்தால், புண் இல்லாதவர்களின் முத்தமும் முழுப் பாதுகாப்பானதன்று. ஆகவே தாத்தா, பாட்டி, அத்தை, மாமா யாராக இருந்தாலும் பச்சிளம் குழந்தையின் முகத்திலும் கையிலும் முத்தமிட வேண்டாம் என்று உங்கள் அக்காவிடம் சொல்லுங்கள். தென் மாவட்டங்களில் சேனை வைப்பதாகச் சொல்லி, பெரியவர் ஒருவர் சர்க்கரைத் தண்ணீரை விரலால் தொட்டுப் பிறந்த குழந்தையின் நாக்கில் வைக்கும் வழக்கம் உண்டு. அதையும் மென்மையாக மறுத்துவிடலாம். குழந்தை பால் குடிக்காமல் சோர்ந்து கிடந்தாலோ, உடல் சுட்டாலோ, தோலில் சிறு நீர்க்கொப்புளம் தெரிந்தாலோ, பொழுது விடியட்டும் என்று காத்திருக்காமல் உடனே மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும்.

உங்கள் உதட்டில் அந்தப் பொருக்கு இருக்கும் வரை அக்கா வீட்டுக்குப் போவதைத் தள்ளி வையுங்கள். காரணத்தைத் தொலைபேசியில் மறைக்காமல் சொன்னால் அவர் வருத்தப்பட மாட்டார். பொருக்கு உதிர்ந்து, புதுத் தோல் வந்து, இரண்டு மூன்று நாள் கழிந்த பிறகு கணவரையும் அழைத்துக்கொண்டு போங்கள். இருவரும் சோப்புப் போட்டுக் கையைக் கழுவிவிட்டுக் குழந்தையை மடியில் வாங்கிக்கொள்ளுங்கள். முத்தத்தை மட்டும் இன்னும் சில மாதங்களுக்குக் கடன் வைத்துவிட்டு வாருங்கள்.